கோப்பு போய்ச் சேர்ந்ததா?

திருப்பூருக்கு வடக்கே நெருப்பெரிச்சல் பகுதியில் பனியன் துணிமேல் படம் அச்சிடும் சிறு பட்டறை ஒன்று உண்டு. அதன் உரிமையாளரின் மகன் என்னிடம் இயற்பியல் பயின்றவன். ஒரு நாள் மாலை ஏழு மணியளவில் தொலைபேசியில் அழைத்தான். "சார், டிசைன் பைல் முழுசாப் போயிருச்சுன்னுதானுங்க காட்டுது. ஆனா அவுங்க திறந்தா படம் கிழிஞ்ச மாதிரி இருக்குதாமாங்க. மூணு தடவை அனுப்பிட்டோம். மூணு தடவையும் அப்படியேதானுங்க" என்றான்.

அயல்நாட்டு வணிகர் ஒருவர், அச்சிட வேண்டிய படத்தைத் தம் நிறுவனத்தின் இணைய வழங்கியில் ஏற்றும்படி சொல்லியிருந்தார். அன்றிரவுக்குள் அவர் பார்த்து ஒப்புதல் தந்தால்தான் மறுநாள் காலை அச்சுத்திரை தயாராகும். ஒப்புதல் தள்ளிப்போனால் துணி காத்திருக்கும், தையல் காத்திருக்கும், கப்பல் காத்திருக்காது. கப்பலைத் தவறவிட்ட சரக்கு அனுப்புபவர் செலவில் விமானம் ஏற வேண்டும். அந்தச் செலவு இலாபத்தை எவ்வாறு விழுங்கிவிடும் என்பதைத் திருப்பூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நான் அவனிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "உன் கணிப்பொறியில் அந்தக் கோப்பு எத்தனை பைட்? அங்கே போய்ச் சேர்ந்தது எத்தனை பைட்?" அவன் பார்த்திருக்கவில்லை. பெரும்பாலோர் பார்ப்பதில்லை. "முடிந்தது" என்று திரையில் வரும் சொல்லையே நம்பிவிடுகிறோம். அவன் பார்த்துச் சொன்ன விடைக்குப் பிறகு வருவோம். அந்தக் கேள்வியை ஏன் முதலில் கேட்க வேண்டும் என்பதை இப்போது காண்போம்.

கோப்பின் பயணம்

வழங்கி என்பது, எல்லோரும் 'சர்வர்' என்று சொல்லும் கணிப்பொறி. இரவும் பகலும் விழித்திருந்து, கேட்பவர்க்குக் கேட்ட கோப்பை எடுத்து வழங்குவதால் இப்பெயர் பெற்றது. நம் கணிப்பொறியிலிருந்து அதற்குக் கோப்பை அனுப்புவதை 'ஏற்றுதல்' என்கிறோம். கோப்பு ஒரே மூட்டையாகப் போவதில்லை. சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,460 பைட் சுமந்துகொண்டு போகிறது. நம் மாணவனின் படம் 42,17,600 பைட். அப்படியானால் அது கிட்டத்தட்ட 2,900 பொட்டலங்களாகப் போயிருக்கும்.

ஒவ்வொரு பொட்டலத்தின் சரக்குக்கும் வரிசை எண் உண்டு. வந்தது என்று மறுமுனை ஒப்புகை தர வேண்டும். ஒப்புகை வராவிட்டால் அனுப்பிய கணிப்பொறி மீண்டும் அனுப்பும். இந்த ஏற்பாடு மிகவும் உறுதியானது. எனவே வழியில், கம்பியில், கடலடிக் கண்ணாடி இழையில் கோப்பு கெடுவது மிக அரிது. கோளாறு ஏற்படுவது பெரும்பாலும் இரு கரைகளில்தான். ஏற்றும் இடத்தில் அல்லது இறக்கும் இடத்தில். சிக்கலைத் தேடுவோர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இது. இணைப்பு மோசம் என்று தொலைபேசி நிறுவனத்தைத் திட்டிக்கொண்டிருப்பதால் பாதி நேரம் வீணாகிறது.

கோப்புகளை அனுப்பும் முறைக்கு முதன்முதலில் விதி எழுதியவர் ஓர் இந்தியர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. அலகாபாத்தில் பிறந்த அபய் பூஷண், கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1965-இல் வெளிவந்த முதல் அணி மாணவர்களுள் ஒருவர். பின்னர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பணியாற்றியபோது, 1971 ஏப்ரல் 16-ஆம் நாளிட்ட ஆவணம் ஒன்றில் 'எப்.டி.பி.' என்னும் கோப்பு மாற்று நெறிமுறையை அவர் வகுத்தார். இன்றைய இணையத்தின் அடிப்படை நெறிமுறைகளுக்கே ஆர்ப்பாநெட் வலை 1983 ஜனவரி முதல் நாளில்தான் மாறியது என்பதை நினைத்தால் இதன் வயது விளங்கும். 1985 அக்டோபரில் திருத்தி எழுதப்பட்ட வடிவமே பின்னர் நிலைத்தது. இணைய உலாவிகள் 2021-இல் எப்.டி.பி.யைக் கைவிட்டுவிட்டாலும், அதற்கெனத் தனி மென்பொருள்களும், அதை ஏற்கும் வழங்கிகளும் இன்றும் உள்ளன. நம் மாணவன் பயன்படுத்தியதும் அத்தகைய ஒன்றே.

எண்ணிப் பார்த்தல்

இரு முனைகளிலும் பைட்டுகளை எண்ணுவது எளிது. மென்பொருளின் ஒரு பக்கத்தில் நம் கோப்புகளும், மறுபக்கத்தில் வழங்கியின் கோப்புகளும் அளவுடன் காட்டப்படும். இதில் ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் கணிப்பொறியில் கோப்பின் பண்புகளைத் திறந்தால் இரண்டு அளவுகள் தெரியும். ஒன்று கோப்பின் உண்மையான அளவு. மற்றது வட்டில் அது அடைத்துக்கொள்ளும் இடம். இரண்டாவது வழக்கமாக 4,096-இன் மடங்காகவே இருக்கும். ஒரு கிலோ சர்க்கரையை இரண்டு கிலோ டப்பாவில் வைத்தால் அலமாரியில் டப்பாவின் இடம்தானே போகும்? ஒப்பிட வேண்டியது முதல் அளவை. மேலும், 'எம்.பி.' என்று சுருக்கிக் காட்டும் அளவும் பயன்படாது. சில மென்பொருள்கள் 1,000-ஆலும் சில 1,024-ஆலும் வகுக்கின்றன. கடைசி இலக்கம் வரை பைட் கணக்கே வேண்டும்.

இவ்விரு எண்களையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தால் நோய் இன்னதென்று பாதி தெரிந்துவிடும்.

வழங்கியில் உள்ள அளவு பூச்சியமாக இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். பெயர் மட்டும் போயிருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. இது எப்படி நேரும்? எப்.டி.பி. ஒரே நேரத்தில் இரண்டு இணைப்புகளைக் கையாளுகிறது. ஒன்று பேச்சுக்கு. "இன்ன பெயரில் கோப்பு வருகிறது, வாங்கிக்கொள்" என்பது இதன்வழிப் போகும். வழங்கியின் 21-ஆம் எண் வாயில் இதற்குரியது. மற்றது சரக்குக்கு. கோப்பின் பைட்டுகள் போவது இதன்வழி. பேச்சு இணைப்பு நன்றாக இருந்து சரக்கு இணைப்பு அமையாமல் போகலாம். அப்போது சில வழங்கிகளில் பெயர் பதிவாகிக் கோப்பு வெறுமையாக நிற்கும். உள்நுழைந்த பின் கோப்புப் பட்டியல் வராமலே திரை உறைந்து நிற்பதும் இதே நோயின் அறிகுறிதான். ஏனெனில் பட்டியலும் சரக்கு இணைப்பின் வழியாகத்தான் வர வேண்டும்.

பழைய முறையில் சரக்கு இணைப்பை வழங்கியே நம்மை நோக்கித் தொடுக்கும். 1971-இல் அதில் தவறில்லை, ஒவ்வொரு கணிப்பொறிக்கும் நேரான முகவரி இருந்தது. இன்று நம் வீட்டிலும் பட்டறையிலும் உள்ள கணிப்பொறிகள் ரூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றின் முகவரி 192.168 என்று தொடங்கும் உள்வீட்டு முகவரி. வெளியிலிருந்து வருபவனுக்கு அந்த முகவரி பயன்படாது. எனவே 'செயப்பாட்டு முறை' என்னும் மாற்று வழி வந்தது. அதன்படி இரண்டு இணைப்புகளையும் நாமே தொடுக்கிறோம். மென்பொருளின் அமைப்பில் 'பாஸிவ்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலான வீட்டு இணைப்புகளில் இந்நோய் தீர்ந்துவிடும்.

தீரவில்லையென்றால், மென்பொருளின் உரையாடல் பகுதியில் 227 என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். அதில் ஆறு எண்கள் இருக்கும். முதல் நான்கு, சரக்கை அனுப்ப வேண்டிய முகவரி. கடைசி இரண்டு வாயில் எண்ணைக் குறிப்பவை. ஐந்தாவதை 256-ஆல் பெருக்கி ஆறாவதைக் கூட்டினால் வாயில் எண் கிடைக்கும். 195, 149 என்று இருந்தால் 195 × 256 + 149 = 50,069. முதல் நான்கு எண்கள் 10 என்றோ 192.168 என்றோ தொடங்கினால் கோளாறு வழங்கியின் பக்கம். அது தன் உள்வீட்டு முகவரியை வெளியூர்க்காரருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது! முகவரி சரியாக இருந்தும் இணைப்பு அமையவில்லையெனில், 50,069 என்ற அந்த வாயிலை வழியில் ஏதோ ஒரு காப்புச்சுவர் அடைத்திருக்கிறது. வழங்கியை நடத்துவோரிடம் "வேலை செய்யவில்லை" என்று எழுதுவதைவிட இந்த ஒரு வரியைப் படியெடுத்து அனுப்பினால் அவர்கள் விரைவில் சரிசெய்வார்கள்.

மூன்றிலக்கச் செய்திகள்

உரையாடல் பகுதியில் இவ்வாறு பல மூன்றிலக்க எண்கள் ஓடும். அவற்றை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. முதல் இலக்கத்தை மட்டும் பார்த்தால் போதும். 2 என்றால் வேலை முடிந்தது. 3 என்றால் இன்னும் ஏதோ வேண்டும், பெரும்பாலும் கடவுச்சொல். 4 என்றால் இப்போது முடியவில்லை, சற்றுப் பொறுத்து முயலலாம். 5 என்றால் எதையும் மாற்றாமல் நூறு முறை முயன்றாலும் முடியாது. 530 வந்தால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு. 550 வந்தால் அந்தக் கோப்பையோ அடைவையோ தொட உங்களுக்கு உரிமையில்லை, அல்லது அப்படி ஒன்று இல்லை. 552 வந்தால் உங்களுக்கு ஒதுக்கிய இடம் நிரம்பிவிட்டது. பலர் 5-இல் தொடங்கும் செய்தி வந்த பிறகும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கிறார்கள். மின்விசிறி ஓடாவிட்டால் சுவிட்சைத் திரும்பத் திரும்பத் தட்டும் பழக்கம் நமக்கு உண்டல்லவா?

இணையப் பக்கத்திலுள்ள படிவத்தின் வழியாகக் கோப்பை ஏற்றும்போது வரும் எண்களுக்குப் பொருள் வேறு. அங்கே 4-இல் தொடங்கினால் அனுப்பியவர் பக்கத்துத் தவறு, 5-இல் தொடங்கினால் வழங்கியின் தவறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

படிவங்களைப் பற்றி மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கல்லூரிச் சேர்க்கைக்கும் உதவித்தொகைக்கும் சான்றிதழ்களை ஏற்றும்போது பலர் தடுமாறுகிறார்கள். படிவங்களை வாங்கும் வழங்கிகளில் 'பி.எச்.பி.' என்னும் மொழி பரவலாகப் பயன்படுகிறது. நடத்துவோர் மாற்றாதவரை அதன் இயல்பான வரம்பு ஒரு கோப்புக்கு 2 எம்.பி., முழுப் படிவத்துக்கும் 8 எம்.பி. இந்த 8-ஐத் தாண்டினால் விந்தையான ஒன்று நிகழும். கோப்பு மட்டுமின்றி நீங்கள் நிரப்பிய பெயர், முகவரி யாவும் நிரலுக்கு வெறுமையாகவே போய்ச் சேரும். "பெயரை நிரப்பவும்" என்று திரை கேட்கும். நிரப்பித்தானே அனுப்பினோம் என்று நாம் திகைப்போம். குற்றம் பெயரில் இல்லை, கைப்பேசியில் எடுத்த சான்றிதழ்ப் படம் பெரிதாக இருப்பதில் இருக்கிறது. 'என்ஜின்எக்ஸ்' என்னும் வழங்கி மென்பொருளின் இயல்பு வரம்பு இன்னும் குறைவு, 1 எம்.பி. அது 413 என்ற எண்ணைக் காட்டி மறுத்துவிடும். இரண்டுக்கும் மருந்து, படத்தைச் சுருக்கி அனுப்புவதே.

குறைந்து வந்தால்

போன அளவு பாதியோ முக்காலோ என்றால் பயணம் நடுவில் அறுந்திருக்கிறது. மின்தடை, ரூட்டர் அணைந்தது, இடம் நிரம்பியது என்று காரணங்கள் பல. பெரிய கோப்புகளில் இது மிகுதி. வீட்டு இணைப்புகள் பலவற்றில் இறக்கும் வேகத்தைவிட ஏற்றும் வேகம் மிகக் குறைவு என்பதும், வேகம் பிட்டிலும் கோப்பு பைட்டிலும் சொல்லப்படுவதும் சேர்ந்து நம் கணக்கைக் குலைக்கின்றன. நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் 25 மெகாபைட் கோப்பை ஏற்ற 25 நொடி ஆகாது. 25 × 8 = 200 நொடியாவது ஆகும்.

நடுவில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி உண்டு. ஆனால் இடைப்பட்ட நேரத்தில் மூலக்கோப்பைத் திருத்தியிருந்தால் தொடரவே கூடாது. தலை பழையது, வால் புதியது என்று ஒரு கோப்பு உருவாகும். அளவுகூடச் சரியாக இருக்கலாம்!

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. திரையில் "தோல்வி" என்று வரும், எண்ணிப் பார்த்தால் கோப்பு முழுமையாகப் போயிருக்கும். பெரிய கோப்பு நெடுநேரம் சரக்கு இணைப்பில் போய்க்கொண்டிருக்கும்போது பேச்சு இணைப்பு சும்மா கிடக்கிறது. சும்மா கிடக்கும் இணைப்பை ரூட்டர் சில நிமிடங்களில் மறந்துவிடும். கோப்பு முழுதும் போன பிறகு, 226 என்ற முடிவுச் செய்தி திரும்பி வர வழியில்லாமல் போகிறது. மென்பொருள் காத்திருந்து பார்த்துத் தோல்வி என்று எழுதிவிடுகிறது. மறுபடியும் மறுபடியும் ஏற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பேச்சு இணைப்பில் அவ்வப்போது ஒரு வெற்றுச் செய்தியை அனுப்பும் வசதியை மென்பொருளில் இயக்கிவிட்டால் போதும்.

அறுபத்து மூன்று பைட்

இனி நெருப்பெரிச்சலுக்குத் திரும்புவோம். மாணவன் படித்துச் சொன்ன எண்கள் இவை. இங்கே 42,17,600. அங்கே 42,17,537. வித்தியாசம் 63 பைட். மூன்று முறை ஏற்றியும் அதே 63.

இதைக் கேட்டதும் இருவருக்கும் ஒரு நம்பிக்கை பிறந்தது. ஆய்வுக்கூடத்தில் பிழைகளை முறையான பிழை, ஒழுங்கற்ற பிழை என இருவகையாகப் பிரிக்கிறோம். இணைப்பு அறுந்து அறுந்து வந்தால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவு குறைந்திருக்கும். மும்முறையும் ஒரே அளவு என்றால், ஏதோ ஒரு விதி ஒழுங்காக வேலை செய்து 63 பைட்டுகளை எடுத்துவிடுகிறது என்று பொருள்.

அந்த விதி எது? எழுத்துக் கோப்புகளில் ஒரு வரி முடிந்தது என்பதைக் காட்டுவதில் கணிப்பொறிகளுக்குள் ஒற்றுமை இல்லை. விண்டோஸ் 13, 10 என்ற இரண்டு பைட்டுகளை எழுதும். லினக்ஸ் 10 என்ற ஒன்றை மட்டும் எழுதும். பழைய தட்டச்சுப் பொறியில் வண்டியை வரியின் தொடக்கத்துக்குக் கொண்டு வருவது ஒரு வேலை, தாளை ஒரு வரி உருட்டுவது மற்றொரு வேலை. அவ்விரண்டின் நினைவுச் சின்னங்களே 13-உம் 10-உம். எப்.டி.பி.யில் எழுத்து முறை, இருமை முறை என இரண்டு உண்டு. எழுத்து முறையில் விண்டோஸிலிருந்து லினக்ஸ் வழங்கிக்குப் போனால் ஒவ்வொரு 13, 10 இணையும் 10 என்று மாற்றப்படும். கடிதத்துக்கு இது நல்லது. படத்துக்குக் கேடு. படத்தில் 13, 10 என்று தற்செயலாக அடுத்தடுத்து வந்தால் அது வரி முடிவு அன்று, வண்ணத்தின் குறிப்பு. வழங்கிக்கு அது தெரியாது. 13-ஐ எடுத்துவிடும்.

இப்போது ஒரு கணக்குப் போடலாம். ஒரு பைட்டுக்கு 256 மதிப்புகள். எனவே 13-ஐ அடுத்து 10 வரும் வாய்ப்பு 256 × 256, அதாவது 65,536-இல் ஒன்று. சுருக்கிய படக் கோப்பில் பைட்டுகள் கிட்டத்தட்டச் சீட்டுக் குலுக்கியதுபோல் இருக்கும். 42,17,600-ஐ 65,536-ஆல் வகுத்தால் 64 சொச்சம். காணாமற்போனது 63! கைகர் எண்ணியில் எண்ணிப் பழகியவர்கள் அறிவார்கள், 64 எதிர்பார்க்கும் இடத்தில் எட்டு கூடுவதும் குறைவதும் இயல்பே. 63 என்பது மிக நெருங்கிய விடை. கோப்பை நான் கண்ணால் பார்க்கவேயில்லை. வகுத்தல் ஒன்றே நோயைக் காட்டிவிட்டது.

ஏன் எழுத்து முறையில் போயிற்று? மென்பொருள் 'தானே முடிவு செய்' என்ற நிலையில் இருந்தது. அது பெயரின் பின்னொட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். பட்டறையில் யாரோ பெயர் மாற்றும்போது '.ஜேபெக்' பின்னொட்டை அழித்துவிட்டார்கள். பின்னொட்டு இல்லாத கோப்பை எழுத்துக் கோப்பு என்று மென்பொருள் எண்ணிக்கொண்டது. இருமை முறை என்று கையால் அமைத்து நான்காம் முறை ஏற்றினான். இரு பக்கமும் 42,17,600. ஒன்பது மணிக்குள் ஒப்புதல் வந்துவிட்டது.

இந்தக் கேட்டை முன்பே உணர்ந்து படக்கோப்பு ஒன்றை வடிவமைத்தவர்களும் உண்டு. 1996-இல் வெளிவந்த 'பி.என்.ஜி.' வகைப் படத்தின் முதல் எட்டுப் பைட்டுகள் எப்போதும் இவைதாம்: 137, 80, 78, 71, 13, 10, 26, 10. நடுவில் 13, 10 இருப்பதைப் பாருங்கள். எழுத்து முறையில் போனால் அந்த 13 மறைந்துவிடும். கடைசியில் தனியே நிற்கும் 10, எதிர்த்திசையில் போகும்போது 13, 10 என்று பெருகிவிடும். முதலிலுள்ள 137, ஒரு பைட்டின் எட்டு பிட்டில் ஏழை மட்டுமே கடத்தும் பழைய இணைப்புகளைக் காட்டிக்கொடுக்கும். படத்தைத் திறக்கும் மென்பொருள் எட்டே பைட்டில் "இது வழியில் கெட்டது" என்று கண்டுகொள்ளும். மாணவனின் கோப்பு இவ்வகையாக இருந்திருந்தால், கிழிந்த படத்துக்குப் பதில் தெளிவான மறுப்பு அவர்களுக்குக் கிடைத்திருக்கும்.

எண் சரி, படம் இல்லை

அளவு ஒன்றாகவே இருந்தும் இணையத்தில் பார்த்தால் கோப்பு தெரியவில்லையென்று வைத்துக்கொள்வோம். 404 என்று வந்தால் பெயரையும் அடைவையும் பாருங்கள். லினக்ஸ் வழங்கிக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. விண்டோஸ் இந்த வேறுபாட்டைப் பாராட்டாததால் நம் கணிப்பொறியில் நன்றாகத் தெரிந்த பக்கம் வழங்கியில் படங்களின்றி நிற்கும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடே இல்லாத தமிழில் படித்தவர்கள் இதில் இடறுவது இயல்பு. எல்லாப் பெயர்களையும் சிறிய எழுத்திலேயே வைப்பது என்று பழகிக்கொள்வது நலம்.

403 என்று வந்தால் உரிமைச் சிக்கல். லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்றிலக்க உரிமை எண் உண்டு. முதல் இலக்கம் உரியவருக்கு, அடுத்தது அவர் குழுவுக்கு, மூன்றாவது மற்ற அனைவருக்கும். படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று கூட்டிக்கொள்ள வேண்டும். 600 என்றால் உரியவர் மட்டுமே படிக்கலாம், உலகுக்கு எடுத்து வழங்கும் மென்பொருளுக்கே அனுமதியில்லை. 644 என்றால் உரியவர் எழுதலாம், எல்லோரும் படிக்கலாம். கோப்புக்கு 644, அடைவுக்கு 755 என்பது வழக்கம். சிலர் அவசரத்தில் 777 என்று வைத்துவிடுவார்கள். படம் தெரியும். ஆனால் வழங்கியில் இடம் பெற்ற வேறு எவரும் அதன்மேல் எழுதவும் வழி திறந்துவிடும். வீட்டுச் சாவி தொலைந்ததற்காகக் கதவைக் கழற்றி வைப்பது போன்றது அது.

தமிழில் பெயர் வைக்கும்போது இன்னொரு நுட்பம் உண்டு. 'நெருப்பெரிச்சல்' என்பது நமக்கு எட்டு எழுத்து. யூனிகோடு முறையில் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். ஆகவே 15 குறியீடுகள். வழங்கிகளில் வழங்கும் 'யூ.டி.எப்.-8' முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். ஆக, 45 பைட். லினக்ஸில் கோப்பின் பெயர் பொதுவாக 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. தமிழில் 85 குறியீடுகளோடு நின்றுவிடும். நீண்ட தலைப்பையே பெயராக வைக்கும் தமிழாசிரியர்களின் கோப்புகள் ஏற மறுப்பதன் காரணம் இதுவாக இருக்கலாம்.

இன்னும் வியப்பானது ஒகர உயிர்மெய். 'தொழில்' என்பதிலுள்ள 'தொ' என்ற எழுத்தை இரண்டு விதமாகக் குறிக்கலாம். தகரத்தோடு ஒகரக் குறி என்ற ஒரே குறியீட்டைச் சேர்க்கலாம். அல்லது கொம்பு, கால் என்ற இரண்டையும் தனித்தனியே சேர்க்கலாம். முன்னது 6 பைட், பின்னது 9 பைட். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆப்பிள் கணிப்பொறிகளின் பழைய கோப்பு முறை பெயர்களைப் பின்னைய வடிவில் பிரித்து வைத்தது. பொதுவாக நாம் தட்டச்சிடுவது முன்னைய வடிவம். லினக்ஸ் வழங்கி பைட்டுகளை மட்டுமே ஒப்பிடுவதால், அதற்கு இவை இரண்டு வேறு பெயர்கள். கோப்பு கண்ணெதிரே இருக்க, கேட்டால் இல்லை என்று சொல்லும். பேய் பிடித்ததென்று எண்ண வேண்டியதில்லை. பெயரை வழங்கியிலேயே புதிதாகத் தட்டச்சிட்டு மாற்றினால் சரியாகிவிடும்.

பழைய படமே தெரிகிறதென்றால் உலாவி தன்னிடமுள்ள பழைய படியைக் காட்டுகிறது. கன்ட்ரோல் விசையோடு எப்5 விசையை அழுத்தினால் பெரும்பாலும் புதியது வரும்.

எண்ணும் ஒன்றாகி உள்ளே மாறியிருந்தால்?

மிக அரிதாக, பைட்டுகளின் எண்ணிக்கை சரியாக இருந்தும் உள்ளடக்கம் மாறியிருக்கலாம். ஒவ்வொரு பொட்டலத்திலும் 16 பிட் நீளமுள்ள சரிபார்ப்புத் தொகை ஒன்று உண்டு. உள்ளிருக்கும் எண்களைக் கூட்டி எழுதுவது அது. கூட்டலில் வரிசைக்கு மதிப்பில்லை. மூன்றும் ஐந்தும் எட்டு, ஐந்தும் மூன்றும் எட்டு. இரண்டு எண்கள் இடம் மாறினால் இத்தொகை கண்டுபிடிக்காது. 2000-இல் ஜோனதன் ஸ்டோன், கிரெய்க் பார்ட்ரிட்ஜ் என்னும் இரு ஆய்வாளர்கள் மெய்யான வலைகளில் ஓடிய பொட்டலங்களை ஆராய்ந்தனர். கம்பிக்குரிய கடுமையான சோதனையில் தேறியவற்றிலும்கூட, 1,100-க்கு ஒன்று முதல் 32,000-க்கு ஒன்று வரை இந்தத் தொகை பொருந்தாமல் இருந்தது. கம்பியில் கெடவில்லை என்றால் வேறெங்கே கெட்டன? கணிப்பொறிகளின், ரூட்டர்களின் உள்ளேதான். கரைகளைப் பாருங்கள் என்று முதலில் சொன்னதற்கு இதுவும் சான்று. பொருந்தாதவை தூக்கியெறியப்பட்டு மீண்டும் அனுப்பப்படும். எப்போதாவது ஒன்று தப்பிவிடக்கூடும்.

இதற்கு 'எஸ்.எச்.ஏ.-256' என்ற சுருக்கக் கணக்கு இருக்கிறது. எவ்வளவு பெரிய கோப்பையும் அரைத்துப் பிழிந்து 64 குறிகள் கொண்ட ஒரே சொல்லாகத் தரும். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் விடையின் 256 பிட்டுகளில் ஏறத்தாழப் பாதி மாறிவிடும். இதைக் கணக்கிடும் கட்டளை விண்டோஸிலும் லினக்ஸிலும் உடன் வருகிறது. அனுப்புபவரும் பெறுபவரும் தனித்தனியே கணக்கிட்டு 64 குறிகளும் ஒன்றாயிருந்தால், கோப்பு ஒரு பிட்டும் பிசகாமல் போயிருக்கிறதென்று கொள்ளலாம்.

எப்.டி.பி.யில் இன்னொரு குறை, கடவுச்சொல்லைத் திறந்த அஞ்சலட்டையில் எழுதுவதுபோல் அப்படியே அனுப்புவது. பின்லாந்தைச் சேர்ந்த தாது யிலோனென் 1995-இல் உருவாக்கிய 'எஸ்.எஸ்.எச்.' என்னும் மறைமுகச் சுரங்கத்தின் வழியே செல்லும் 'எஸ்.எப்.டி.பி.' இதை நீக்கிவிட்டது. பேச்சும் சரக்கும் 22-ஆம் வாயிலில் ஒரே இணைப்பில் போவதால் பூச்சியக் கோப்புச் சிக்கலும் பெரிதும் ஒழிந்தது. இன்று பெரும்பாலும் பயன்படும் அதன் வடிவத்தில் எழுத்து முறை, இருமை முறை என்ற பிரிவும் இல்லை. உள்ளதை உள்ளபடியே கொண்டுபோகும். வழங்கியை நடத்துவோர் இரண்டையும் தந்தால் இதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

நெருப்பெரிச்சல் பட்டறையிலிருந்து இப்போது போகும் ஒவ்வொரு கோப்புக்கும் துணைக்கடிதம் ஒன்று போகிறது. பெயர், பைட் அளவு, அந்த 64 குறிகள், இவ்வளவே அதில் இருக்கும். கணிப்பொறிக்கு மேலே சுவரில், 'பின்னொட்டை அழிக்காதே' என்று சாயப் பேனாவால் எழுதி வைத்திருக்கிறார்கள்.